ஊர்க் கூட்டத்திலிருந்து ஜெனீவா வரை: கறுப்பின நீதி இயக்கங்களோடு வேலை செய்யப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஜெனீவா என்ற பெயரைத் தமிழர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மார்ச் மாதம் பிறந்தால் 'ஜெனீவாவில் என்ன நடக்கும்' என்று எழுதாத தமிழ்ப் பத்திரிகை குறைவு. ஐ.நா. வளாகத்துக்கு எதிரே, கால் உடைந்த நாற்காலிச் சிற்பம் நிற்கும் சதுக்கத்தை, 2009இல் அங்கே தீக்குளித்த முருகதாசனின் பெயரால் ஈழத் தமிழர்கள் முருகதாசன் திடல் என்றே சொல்கிறார்கள்.

அதே ஊருக்கு 2014 நவம்பரில் சிகாகோவிலிருந்து எட்டு இளைஞர்கள் போனார்கள். சிகாகோ போலீஸ் கறுப்பினப் பிள்ளைகளை எப்படி நடத்துகிறது என்று தாங்களே திரட்டி எழுதிய அறிக்கை கையில் இருந்தது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. குழு அமெரிக்க அரசிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அறையில், வாய் திறக்காமல் அரை மணி நேரம் எழுந்து நின்றார்கள். அந்த ஆண்டு மே மாதம் போலீஸ் டேசர் என்ற மின்அதிர்ச்சித் துப்பாக்கியால் தாக்கியதில் உயிர் போன நண்பன் ஒருவனுக்காக.

ஆறு மாதம் கழித்து, 2015 மே 6 அன்று, பழைய போலீஸ் சித்திரவதைகளில் சிக்கியவர்களுக்காக 55 லட்சம் டாலர் ஒதுக்கி சிகாகோ நகர மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. இளைஞர்கள் எழுந்து நின்றதால் இது வந்தது என்று சொன்னால் பொய். ஜெனீவாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னாலும் பொய். இரண்டுக்கும் நடுவில் நடந்த வேலை எப்படிப்பட்டது என்று காட்டத்தான் இந்தக் கட்டுரை.

படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு வந்து, 'இதில் நானும் ஏதாவது செய்யலாமே' என்று நினைக்கிற தமிழர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. சில ஆண்டுகள் இப்படிப்பட்ட கூட்டங்களில் குறிப்பெடுத்துக் கொடுத்தவன், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்தது அமெரிக்கா என்பதால் உதாரணங்களும் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

முதலில் பழைய கதை

போஸ்டர் பிடிக்கும் முன் வரலாறு படியுங்கள். முழுக்கப் படிக்க வேண்டாம். மூன்று மனுக்களின் கதை தெரிந்தால் போதும்.

1946 ஜூனில் அமெரிக்காவின் தேசிய நீக்ரோ காங்கிரஸ் (அன்று அதுதான் பெயர்) புதிதாகப் பிறந்திருந்த ஐ.நா.வுக்கு ஒரு மனு கொடுத்தது. செய்தியைப் பத்திரிகையில் பார்த்தவர்களில் ஒருவர் அம்பேத்கர். உடனே கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார்: இந்தியாவின் தீண்டப்படாதோரும் இப்படி ஒரு மனு கொடுக்க யோசிக்கிறார்கள், உங்கள் மனுவின் பிரதி இரண்டு மூன்று கிடைக்குமா என்று. ஜூலை கடைசியில் டு பாய்ஸ் பதில் எழுதினார். எல்லை தாண்டிய இயக்கம் என்று இன்று பெரிதாகப் பேசுகிறோமே, அது இப்படித்தான் நடந்திருக்கிறது: 'உங்கள் மனுவின் காப்பி ஒன்று அனுப்புங்கள், நாங்களும் எழுத வேண்டும்.'

1947 அக்டோபரில் டு பாய்ஸ் முன்னின்று தொகுத்த இரண்டாவது மனுவை என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமை அமைப்பு ஐ.நா.வில் கொடுத்தது. சோவியத் நாடு அதை எடுத்துக்கொண்டு பேச, அமெரிக்கா எதிர்க்க, மனு பனிப்போருக்குள் மாட்டிக்கொண்டது. அப்போது ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் தலைவர், மறைந்த அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட். என்.ஏ.ஏ.சி.பி.யின் இயக்குநர் குழுவிலும் அவர் இருந்தார். மனு விவாதத்துக்கு வருவதை அவரும் விரும்பவில்லை. நல்ல மனிதர், நம் பக்கத்து ஆள், ஆனாலும் நாட்டின் மானம் என்று வரும்போது பின்வாங்குவார். இப்படிப்பட்டவர்களை நீங்களும் சந்திப்பீர்கள்.

மூன்றாவது 1951 டிசம்பரில். சிவில் உரிமைக் காங்கிரஸ் என்ற அமைப்பு, கறுப்பினத்தவர் மீது நடப்பது இனப்படுகொலை என்றே குற்றம் சாட்டி இருநூறு பக்கத்துக்கு மேற்பட்ட மனுவைக் கொடுத்தது. பாரிசில் கொடுத்தவர் வில்லியம் பேட்டர்சன், நியூயார்க்கில் கொடுத்தவர் பாடகர் பால் ரோப்சன். ரோப்சன் ஏன் பாரிஸ் போகவில்லை? அவருடைய பாஸ்போர்ட்டை அரசு முந்தைய ஆண்டே பறித்துவிட்டது. 1958 வரை அது திரும்பக் கிடைக்கவில்லை. பேட்டர்சன் நாடு திரும்பியதும் அவருடையதையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஐ.நா. அந்த மனுவை எடுத்துக்கொள்ளவே இல்லை.

சரி, மூன்றும் தோற்ற மனுக்கள்தானே என்று கேட்கலாம். சிகாகோ இளைஞர்கள் 2014இல் தங்கள் குழுவுக்கு வைத்த பெயர் அந்த மூன்றாவது மனுவின் தலைப்புதான்: 'வி சார்ஜ் ஜெனோசைட்', அதாவது 'இனப்படுகொலை என்று குற்றம் சாட்டுகிறோம்'.

இடையில் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் வருகிறார். 1964 ஜூலையில் கெய்ரோவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாட்டுக்கு வந்த தலைவர்களிடம், எங்கள் பிரச்சினையை ஐ.நா.வுக்குக் கொண்டுபோங்கள் என்று கோரிக்கை மனு கொடுத்தார். அவருடைய வாதம் எளிமையானது. சிவில் உரிமை என்று கேட்டால் வழக்கு அமெரிக்கக் கோர்ட்டோடு முடிந்துவிடும். மனித உரிமை என்று கேட்டால் வெளியில் இருப்பவரும் பேசலாம். இன்றைக்கு இந்த அமைப்புகள் செய்வது அத்தனையும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருகிறது.

அடுத்து: போய் உட்காருங்கள்

தனியாக அமைப்பு தொடங்காதீர்கள். நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி: நாலு பேர் சேர்ந்தால் உடனே லெட்டர்ஹெட் அடித்துவிடுவோம். உங்கள் ஊரில் ஏற்கெனவே வேலை நடந்துகொண்டிருக்கும். கைதிகளின் குடும்பங்கள் கூடும் சங்கம், ஜாமீன் பணம் திரட்டும் நிதி, போலீஸ் கண்காணிப்புக் குழு, கறுப்பினத் தேவாலயத்தின் சமூகப் பிரிவு, வாடகைதாரர் சங்கம் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். மாதக் கூட்டம் எப்போது என்று கேட்டு, போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள்.

முதல் கூட்டத்தில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். அறிமுகச் சுற்று வந்ததும், சாதி, ஈழம், காலனி ஆட்சி என்று பத்து நிமிடம் பேசித் தீர்த்தேன். கூட்டத்தை நடத்திய பெரியம்மா பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "தம்பி, நாற்காலி மடிக்க ஆள் வேணும், கொஞ்சம் இருந்துட்டுப் போறியா?" என்று கேட்டார். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆள் தேவைப்பட்டது. மூன்றாவது மாதம் குறிப்பெடுக்கச் சொன்னார்கள். ஓராண்டு கழித்து அறிக்கைக்குத் தரவு சரிபார்க்கச் சொன்னார்கள். இந்த வரிசைதான் சரி என்று இப்போது படுகிறது. இவை கறுப்பினத்தவர் தலைமையில் நடக்கும் அமைப்புகள். என்ன கேட்பது, யார் பேசுவது, எப்போது சமரசம் செய்வது என்ற முடிவெல்லாம் அவர்களுடையது. அவர்களுக்குத் தேவையானது இன்னொரு பேச்சாளர் இல்லை. எக்செல் தெரிந்தவர், கார் வைத்திருப்பவர், கூட்டம் நடக்கும் இரண்டு மணி நேரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்.

வார்த்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் 'நீக்ரோ' சர்வசாதாரணம். புலம்பெயர் தமிழர் வீடுகளில் 'காப்பிலி', 'கறுவல்' என்ற சொற்கள் இன்னும் புழங்குகின்றன. அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று தைரியமாகச் சொல்வோம். நம் பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்களின் வகுப்பு நண்பர்களுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும். கூட்டத்துக்குப் போவதற்கு முன்பே வீட்டில் செய்ய வேண்டிய வேலை இது. கறுப்பினத்தவர், ஆப்பிரிக்க அமெரிக்கர் என்ற சொற்கள் போதும். ஐ.நா. ஆவணங்களில் 'ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள்' என்று வரும்.

எந்தக் கதவைத் தட்டுவது

'ஐ.நா.வுக்குப் போகிறோம்' என்று சொல்வது 'கவர்ன்மென்ட் ஆபீசுக்குப் போகிறேன்' என்பது மாதிரி. எந்த ஆபீஸ், எந்த ஜன்னல் என்று சொல்ல வேண்டும்.

முதல் வகை ஒப்பந்தக் குழுக்கள். ஒரு நாடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டு உறுதி செய்தால், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதற்கான நிபுணர் குழுவின் முன் வந்து கணக்குச் சொல்ல வேண்டும். இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை 1965இல் ஏற்கப்பட்டது. அமெரிக்கா அதை உறுதி செய்ய 1994 ஆனது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையையும் அதே ஆண்டுதான் உறுதி செய்தது. அரசு தன் அறிக்கையைக் கொடுக்கும்; மக்கள் அமைப்புகள் அதற்குப் போட்டியாக இன்னொன்று கொடுக்கும். அதை நிழல் அறிக்கை என்பார்கள். இதைக் கொடுக்க ஐ.நா.வின் அங்கீகாரம் எதுவும் தேவையில்லை என்பதால் சின்ன அமைப்புகளுக்கு இதுதான் வசதியான கதவு.

தனிமனிதர் நேரடியாகப் புகார் கொடுக்கலாமா? இனப்பாகுபாட்டுக் குழுவில் அதற்கு வழி உண்டு. ஆனால் அந்த நாடு 14ஆம் பிரிவின்கீழ் தனியாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும் ஒப்புக்கொண்டன. அமெரிக்கா ஒப்புக்கொள்ளவில்லை, இந்தியாவும் ஒப்புக்கொள்ளவில்லை. இதைப் பார்க்காமல் புகார் எழுதி வீணான வாரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கக் கண்டங்களில் இருப்பவர்களுக்கு வாஷிங்டனில் இன்னொரு கதவு உண்டு: அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம். உள்ளூர்க் கோர்ட்டுகளில் எல்லா வழியும் அடைபட்ட பிறகு, ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். பிரேசில் மாதிரி சில நாடுகளின் வழக்குகள் அங்கிருந்து கோஸ்டாரிகாவில் உள்ள நீதிமன்றத்துக்கும் போகும். ரியோவின் நோவா பிரசிலியா குடிசைப் பகுதியில் 1994, 1995 இரண்டு ஆண்டுகளிலும் போலீஸ் கொன்றது 26 பேரை. அந்த வழக்கில் 2017இல் பிரேசில் அரசைப் பொறுப்பாக்கிய தீர்ப்பு இப்படித்தான் வந்தது. இருபது ஆண்டுக்கு மேல். அமெரிக்கா மீது ஆணையம் வரைதான் போக முடியும், நீதிமன்றத்துக்குப் போக முடியாது.

அவசரம் என்றால் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்கள் என்ற தனி நிபுணர்களுக்கு எழுதலாம், யாரும் எழுதலாம். அவர்கள் அரசுக்குக் கடிதம் போடுவார்கள். 60 நாளில் பதில் வந்தாலும் வராவிட்டாலும் கடிதம் பொதுவெளிக்கு வந்துவிடும். அந்தக் கடிதத்தை உள்ளூர் நிருபரின் கையில் கொடுத்துப் பாருங்கள், அதுவரை எடுக்காத போனை எடுப்பார்.

மனித உரிமைப் பேரவை முற்றிலும் வேறு. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் நிபுணர்கள் இல்லை, அரசுகள். 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபோது, அவருடைய குடும்பமும் போலீஸால் உயிரிழந்த வேறு சிலரின் குடும்பங்களும் 600க்கு மேற்பட்ட அமைப்புகளோடு சேர்ந்து பேரவைக்குக் கடிதம் எழுதின: அமெரிக்கா மீது விசாரணை ஆணையம் வேண்டும் என்று. ஆப்பிரிக்க நாடுகளின் சார்பில் புர்கினா ஃபாசோ அவசர விவாதம் கேட்டது. ஜூன் 17 அன்று ஃபிளாய்டின் தம்பி வீடியோவில் பேசினார். ஆனால் தீர்மானத்தின் வரைவு ஒவ்வொரு நாளும் மெலிந்துகொண்டே போனது. கடைசியில் நிறைவேறியதில் விசாரணை ஆணையமும் இல்லை, அமெரிக்காவைத் தனியாகக் குறிவைப்பதும் இல்லை. மனித உரிமை ஆணையர் ஓர் அறிக்கை தயாரிக்க வேண்டும் என்பதுதான் மிச்சம். இலங்கைத் தீர்மானங்களின் வரைவுகளை வரிவரியாகப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. குடும்பங்கள் விடவில்லை. அந்த அறிக்கை 2021இல் வந்தது. அதே ஜூலையில் மூன்று நிபுணர்கள் கொண்ட தனி அமைப்பு ஒன்றைப் பேரவை உருவாக்கியது. அவர்கள் 2023இல் அமெரிக்காவுக்கே நேரில் வந்து கேட்டார்கள். ஆப்பிரிக்க வம்சாவளி மக்களுக்கான நிரந்தர மன்றமும் 2021இல்தான் உருவானது. 2022 டிசம்பரில் ஜெனீவாவில் முதல் முறை கூடியது.

பேரவையின் இன்னொரு கதவு எல்லா நாடுகளையும் முறைவைத்துப் பரிசீலிக்கும் சுற்று, யு.பி.ஆர். என்பார்கள். 2025 ஆகஸ்டில், தன் முறைக்கு வரப்போவதில்லை என்று அமெரிக்கா அறிவித்தது. அப்படியென்றால் எழுதி என்ன பயன்? என் கருத்து: அரசு வராவிட்டாலும் எழுதிய அறிக்கை ஆவணமாக நிற்கும், அடுத்த கதவுக்கு அதே அறிக்கை உதவும். 1951இல் எழுதியதை 2014இல் எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

அறிக்கை எழுதும் வேலை

புதிதாக வருகிறவர்கள் உண்மையாகவே உதவக்கூடிய இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நீளம். யு.பி.ஆருக்கு ஓர் அமைப்பு தனியாகக் கொடுத்தால் 2,815 சொற்கள், பல அமைப்புகள் சேர்ந்து கொடுத்தால் 5,630. அதற்கு மேல் ஒரு சொல் போனாலும் ஏற்க மாட்டார்கள். நாம் முன்னுரைக்கே ஆயிரம் சொல் செலவழிக்கும் பரம்பரை. அடிமை முறையிலிருந்து தொடங்காதீர்கள், குழுவில் இருப்பவர்களுக்கு அது தெரியும். இந்த ஊரில், இந்த ஐந்து ஆண்டில், என்ன நடந்தது என்று தொடங்குங்கள்.

அரசின் வாயாலேயே சொல்ல வையுங்கள். போலீஸ் துறையே வெளியிடும் நிறுத்தி விசாரித்த பதிவுகள், நகரம் வழக்குகளில் கட்டிய சமரசத் தொகை, பள்ளியில் இடைநீக்கம் செய்தவர் கணக்கு. கிடைக்காவிட்டால் தகவல் சட்டத்தில் கேளுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சி அரசிடம் தகவல் கேட்கக் குடியுரிமை தேவையில்லை. நம்மூரில் ஆர்.டி.ஐ. போட்டுப் பழகியவர்களுக்கு இது கைவந்த கலை. அரசின் எண்ணை அரசால் மறுக்க முடியாது என்பதால் அறிக்கையின் எலும்பு அதுவாக இருக்க வேண்டும்.

வாக்குமூலம் சதை. இங்கேதான் கவனம் அதிகம் தேவை. மகனை இழந்த தாயிடம் 'என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்' என்று நாலாவது ஆளாகப் போய்க் கேட்காதீர்கள். அமைப்பில் யாராவது ஏற்கெனவே பதிவு செய்திருப்பார்கள், அதைத் தேடுங்கள். புதிதாக எடுத்தால் மூன்று கேள்விக்குத் தனித்தனியாகச் சம்மதம் வாங்குங்கள்: பதிவு செய்யலாமா, பெயர் போடலாமா, ஐ.நா. இணையதளத்தில் எல்லோரும் படிக்கும்படி வரலாமா. மூன்றாவதைக் கேட்க மறந்துவிடுவார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் வக்கீலைக் கேட்காமல் ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். சம்மதத்தை நாளை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசியாகக் கோரிக்கை. 'இனவெறியை ஒழிக்க வேண்டும்' என்று எழுதினால் குழு அதை அப்படியே தன் முடிவுரையில் போட்டுவிடும், யாருக்கும் உபயோகம் இல்லை. யார், எந்தச் சட்டத்தை, எப்போதுக்குள் என்று எழுதுங்கள். மூன்று கோரிக்கை போதும். சிகாகோக்காரர்கள் கேட்டதில் ஒன்று மிகக் குறிப்பானது: நகர மன்றத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் இழப்பீட்டு மசோதாவை நிறைவேற்றச் சொல்லுங்கள். குழு அதையே தன் பரிந்துரையில் சேர்த்தது. உலகக் குழு ஒன்று ஒரு நகர மன்றத்தின் மசோதாவைப் பேர் சொல்லிக் கேட்பது அடிக்கடி நடப்பதில்லை.

போவதா, வேண்டாமா

போகாமலும் வேலை நடக்கும். குழுக்களின் அமர்வுகளை ஐ.நா.வின் இணையத் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்க்கலாம். நேரம் வித்தியாசப்படுவதால் அதிகாலையில் எழ வேண்டும், அவ்வளவுதான்.

போவதாக இருந்தால் யார் போவது என்பது முதல் கேள்வி. பாதிக்கப்பட்டவர்கள் போக வேண்டும். 2014இல் அதே அமர்வுக்கு, ஃபெர்குசனில் போலீஸ் சுட்டுக் கொன்ற மைக்கேல் பிரவுனின் பெற்றோரும் வந்திருந்தார்கள். ஜெனீவா காசு தின்னும் ஊர். ஒரு சாண்ட்விச் விலையில் நம்மூரில் நாலு பேர் சாப்பிடலாம். வீசா இன்னொரு தலைவலி: ஆப்பிரிக்காவிலிருந்தும் கரீபியனிலிருந்தும் வருகிற தோழர்களுக்கு அமர்வு முடிந்த பிறகு வீசா கிடைத்த கதைகள் உண்டு. அழைப்புக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும். அங்கே போனதும் பேசக் கிடைக்கும் நேரம் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். வீட்டில் கடிகாரம் வைத்துப் பேசிப் பழகுங்கள். அசல் வேலை நடைவழியிலும் காபி வரிசையிலும் நடக்கிறது: குழு உறுப்பினரின் கையில் ஒரே ஒரு பக்கம் கொடுத்து, 'இந்தக் கேள்வியை அரசிடம் கேளுங்கள்' என்று சொல்வது.

மனித உரிமைப் பேரவையின் அமர்வில் பேச மட்டும் ஈகோசாக் என்கிற ஐ.நா. பொருளாதார, சமூக மன்றத்தின் அங்கீகாரம் தேவை. சின்ன அமைப்புகள் அதற்கு அலைய வேண்டாம், ஏற்கெனவே வைத்திருப்பவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். ஏன் என்பதற்கு நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று: சாதிப் பாகுபாட்டுக்கு எதிராக வேலை செய்யும் சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு 2008இல் விண்ணப்பித்தது. இந்தியா கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தள்ளிப்போட்டது. அங்கீகாரம் கிடைத்தது 2022 டிசம்பரில்.

திரும்பி வந்த பிறகு

இனி சிகாகோவுக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

1972 முதல் 1991 வரை ஜான் பர்ஜ் என்ற போலீஸ் அதிகாரியும் அவருக்குக் கீழே இருந்தவர்களும் நூற்றுக்கு மேற்பட்ட கறுப்பினத்தவரை ஸ்டேஷனில் வைத்து வதைத்தார்கள். கைப்பிடி சுற்றும் கறுப்புப் பெட்டியால் மின்சாரம் பாய்ச்சினார்கள், தலையில் பிளாஸ்டிக் பையைப் போட்டு மூச்சு முட்ட வைத்தார்கள். அப்படி வாங்கிய ஒப்புதல் வாக்குமூலத்தால் மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள் உண்டு. 1993இல் பர்ஜுக்கு வேலை போனது. வழக்கு வரவில்லை, காலாவதி ஆகிவிட்டது என்றார்கள்.

2006இல் சிகாகோ வக்கீல்கள் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. குழுவிடம் போனார்கள். குழு தன் முடிவுரையில் சிகாகோவைக் குறிப்பிட்டு, ஏன் யார் மீதும் வழக்கு இல்லை என்று கேட்டது. அந்த ஒரு பத்தியை வைத்துக்கொண்டு ஊரில் சத்தம் போட்டார்கள். 2008இல் கூட்டாட்சி அரசு பர்ஜைக் கைது செய்தது, சித்திரவதைக்காக அல்ல, அதைப் பற்றிப் பொய் சாட்சி சொன்னதற்காக. 2011இல் நாலரை ஆண்டு சிறை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பாதிக்கப்பட்டவர்களும் வக்கீல்களும் ஆசிரியர்களும் கலைஞர்களும் சேர்ந்து, ஒரு மனிதனைச் சிறையில் போட்டதால் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார்கள். அவர்கள் எழுதிய மசோதா 2013 அக்டோபரில் நகர மன்றத்துக்குப் போய்த் தூங்கியது. 2014 நவம்பரில் ஐ.நா. குழு அதை நிறைவேற்றச் சொன்னது. அப்புறம்தான் நெருக்கினார்கள். நகர மன்றத்துக்குள் பாட்டுப் பாடினார்கள், கவுன்சிலர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். மேயர் தேர்தல் வந்தது. மேயர் முதல் சுற்றில் ஜெயிக்க முடியாமல் இரண்டாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டார். அந்த நேரம் பார்த்து இன்னும் அழுத்தினார்கள். ஜெனீவா கொடுத்தது ஒரு காகிதம். அதை எந்த வாரம், யார் மேசையில் வைப்பது என்பதை ஊர்க்காரர்கள் முடிவு செய்தார்கள்.

கேட்டது 2 கோடி டாலர், கிடைத்தது 55 லட்சம். ஒருவருக்கு அதிகபட்சம் ஒரு லட்சம். 57 பேருக்குப் பணம் போனது. பணத்தோடு நிற்கவில்லை என்பதால்தான் இதை வெறும் 'இழப்பீடு' என்று மொழிபெயர்க்க எனக்கு மனம் வருவதில்லை. நகரம் முறையாக மன்னிப்புக் கேட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கும் குடும்பத்துக்கும் நகரக் கல்லூரிகளில் இலவசப் படிப்பு. மனநல ஆலோசனைக்கு ஒரு மையம். அரசுப் பள்ளிகளில் 8, 10ஆம் வகுப்புகளில் இந்தச் சித்திரவதைகளைப் பற்றிய பாடம். அப்புறம் ஒரு பொது நினைவுச்சின்னம். அந்தக் கடைசி வாக்குறுதிக்காக அதே ஆட்கள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நகர மன்றப் படியேற வேண்டியிருந்தது.

ஆகவே திட்டம் போடும்போது நேரத்தையும் பணத்தையும் இப்படிப் பிரியுங்கள்: ஜெனீவாவுக்கு ஒரு பங்கு என்றால் திரும்பி வந்த பிறகு செய்வதற்கு மூன்று பங்கு. பரிந்துரை வெளியான வாரத்திலேயே அதை ஒரு பக்கமாகச் சுருக்கி, கவுன்சிலர், நிருபர், பள்ளி வாரியம், தேவாலயம் என்று கொண்டு போகும் ஆட்களின் பட்டியல் பயணத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

ஐ.நா. இல்லாமலும்

எல்லை தாண்டிய வேலை உங்கள் அலுவலகத்திலும் இருக்கலாம். 1970இல் பாஸ்டன் பக்கம் போலராய்டு நிறுவனத்தில் கரோலைன் ஹண்டர் என்ற இளம் வேதியியலாளர் வேலை பார்த்தார். அவரும் கென் வில்லியம்ஸ் என்ற சக ஊழியரும் அங்கே தென்னாப்பிரிக்கச் சுரங்கத் துறையின் பெயர் போட்ட மாதிரி அடையாள அட்டை ஒன்றைத் தற்செயலாகப் பார்த்தார்கள். கறுப்பினத்தவர் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று கட்டுப்படுத்தும் பாஸ் புத்தகத்துக்கான போட்டோ தங்கள் கம்பெனியின் கேமராவில் எடுக்கப்படுகிறது என்று தெரிந்தது. நோட்டீஸ் அடித்தார்கள், புறக்கணிப்புக்கு அழைத்தார்கள். ஹண்டருக்கு வேலை போனது. 1977இல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. 1984 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் தென்னாப்பிரிக்கச் சரக்கை இறக்க மறுத்து ஒரு கப்பலைச் சுமார் பத்து நாள் நிறுத்தி வைத்தார்கள். அதே மாதம் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்குள் கறுப்பினத் தலைவர்கள் மூவர் உட்கார்ந்து எழ மறுத்தார்கள். இரண்டு ஆண்டில், ஜனாதிபதி ரீகனின் வீட்டோவையும் மீறி, அமெரிக்கக் காங்கிரஸ் தென்னாப்பிரிக்கா மீது பொருளாதாரத் தடைச் சட்டம் கொண்டுவந்தது.

ஐ.டி.யில் இருக்கும் நண்பர்களுக்கு இந்தக் கதையை வேண்டுமென்றே சொல்கிறேன். முக அடையாள மென்பொருளும் கைதுத் தரவுத்தளமும் யாரோ ஒருவரின் ஸ்பிரின்ட்டில்தான் உருவாகின்றன.

வீசாவில் இருப்பவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவில் அமைதியாகக் கூடும் உரிமை குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு. ஆனால் ஒரு கைது, அது பின்னர் தள்ளுபடி ஆனாலும், வீசாப் புதுப்பிப்பிலும் கிரீன் கார்டிலும் கேள்வியாக வரும். 2025இல் போராட்டங்களில் கலந்துகொண்ட வெளிநாட்டு மாணவர்கள் சிலரின் வீசா ரத்தானது. ஊர்வலத்துக்குப் போகும் முன் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் பேசுங்கள். அவருடைய எண்ணைப் போனில் மட்டும் வைக்காமல் கையில் பேனாவால் எழுதுங்கள், போனைப் பிடுங்கிவிடுவார்கள். கைதாகும் வாய்ப்புள்ள போராட்டம் என்றால் ஏற்பாட்டாளர்கள் முன்பே சொல்வார்கள். 'என்னால் முடியாது, என் நிலைமை இது' என்று அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அன்றைக்கு ஸ்டேஷனுக்கு வெளியே தண்ணீரும் சாப்பாடும் வைத்துக்கொண்டு, வெளியே வருகிறவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்படும். ராத்திரி இரண்டு மணி வரை ஆகலாம், ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போங்கள்.